டீசல் பம்ப் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள், அதிலும் காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைக்கிற முறை) வருவதற்கு முந்திய லைன் பம்ப் வண்டி ஓட்டுகிறவர்கள், பம்பையும் இன்ஜெக்டரையும் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற பாகம்) வெளியே கொடுப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். மாதவரம் பக்கம் ஒரு பம்ப் சர்வீஸ் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புது எலிமெண்ட் (பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற பாகம்), புது நாஸில் (இன்ஜெக்டரின் தெளிக்கிற முனை) என்று பில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, உள்ளே ஒன்றைக்கூடப் புதிதாகப் போடாமல், அது தெரியாமல் இருப்பதற்காக டீசலைக் கூட்டி வைத்து அனுப்பிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடை பெயரைப் போடவில்லை. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த வேலையைச் செய்கிறவர்கள் என் ஒருவனோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

என்னுடையது மகிந்திரா பிக்கப், பழைய டிஐ இன்ஜின் (டீசலை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பது), இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. காசிமேட்டில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றுகிற வண்டி. அங்கே லோடு அடிக்கிற வண்டிகளின் நிலைமை தெரியும்தானே, ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும், அடியில் படுத்துப் பார்க்காமல் விட்டால் இரும்பு செதில் செதிலாக உதிரும். நான் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தவன். அதனால் முடிந்த வேலையை எல்லாம் கொருக்குப்பேட்டையில் வீட்டு வாசலிலேயே வைத்துச் செய்துகொள்வேன். பாடியைக் கழற்றி, சேஸிஸை ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, தரைக்குப் புது செக்கர் ஷீட் போட்டு, உருகுகிற தண்ணீர் சேஸிஸில் படாமல் நேராகக் கீழே இறங்க இரண்டு பக்கமும் பைப் வைத்தேன். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், உடைந்துபோன ஸ்பிரிங் பட்டை, ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே, டீசல் லைனில் தண்ணீரைப் பிரிக்கிற ஃபில்டர், எல்லாம் என் கையால் செய்தது. மச்சான் வந்து கூட நின்று தூக்கிக் கொடுப்பான்.

வீட்டில் செய்ய முடியாத வேலை பம்ப் ஒன்றுதான். லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமெண்ட் இருக்கும், ஒரு பிளஞ்சரும் (மேலும் கீழும் போகிற தண்டு) ஒரு பேரலும் (அது ஓடுகிற உருளை) ஜோடியாக உரசிச் சேர்த்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு மூன்று பங்குதான் வரும். ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொரு பேரலில் போடக்கூடாது. தேய்ந்துபோனால் டீசல் முன்னால் போகாமல் பின்னால் கசியும், இன்ஜின் சூடானபிறகு ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், லோடில் இழுவை இருக்காது. என் வண்டிக்கு அதுதான் இருந்தது. புது எலிமெண்ட் போட்டால் நாலும் ஒரே அளவு டீசல் தள்ளுகிறதா என்று டெஸ்ட் பெஞ்சில் பார்த்தே ஆக வேண்டும். பம்பை மோட்டாரில் சுற்றவிட்டு, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சிசி வருகிறது என்று கண்ணாடிக் குழாயில் அளந்து சரிசெய்வார்கள். அந்த பெஞ்ச் நம் யாரிடமும் இல்லை. ஆகவே வேறு வழியில்லாமல் ஒருவரை நம்பித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கொடுக்கும் முன் செய்யவேண்டியதை நான் செய்துவிட்டுத்தான் கொடுத்தேன். பம்ப் பாடியின் ஃப்ளேஞ்சில் டாட் பஞ்ச் வைத்து அடையாளம் போட்டேன். இன்ஜெக்டரைப் பிரித்து நாலு நாஸிலின் நம்பரையும் தெளிவாக போட்டோ எடுத்தேன். பழைய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று சொல்லி, அதைக் கொட்டேஷன் சீட்டிலேயே எழுதச் சொன்னேன். பெஞ்சில் ஓட்டும்போது பார்க்கணும்ண்ணே என்றதற்கு, "உள்ள கஸ்டமரை விடறதில்ல தம்பி, ஆயில் தெறிக்கும். இன்னா, நம்ம மேல நம்பிக்கை இல்லியா?" என்றார் முதலாளி. நாலு எலிமெண்ட், நாலு டெலிவரி வால்வு, நாலு நாஸில், காலிப்ரேஷன் கூலி, எல்லாம் சேர்த்து 24,600 ரூபாய் பில். பழைய சாமான் என்று ஒரு கவரும் கொடுத்தார்கள்.

பம்பை மாட்டி, டைமிங் மார்க் பார்த்து, டீசல் லைனில் இருந்த ஏரை எடுத்து ஸ்டார்ட் செய்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, வண்டி பாய்ந்தது. ஆனால் லோடு ஏற்றி எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பின்னால் கறுப்பாகப் புகை தள்ளியது. ஐடிலிங்கில் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் விட்டுவிட்டு எரிந்தது. கடைக்கு போன் போட்டால், "பவர் ஏத்தி விட்டிருக்கோம்பா, புகை வரத்தான் செய்யும், கொஞ்சம் ஓட்டு, செட் ஆயிடும்" என்கிறார்கள். இந்தப் பேச்சை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்ஜினுக்குள் போகிற காற்று அப்படியே இருக்க டீசலை மட்டும் கூட்டினால், எரிந்தது போக மிச்சம் கரியாகத்தான் வெளியே வரும், பிஸ்டன் தலையில் சூடு ஏறும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். புகை என்பது பவர் இல்லை, நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல்.

ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் வாசனை. அதற்கு மேல் அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போனால் நீங்களும் ஓட்டாதீர்கள், நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும், அப்புறம் செலவு ஆயிரத்தில் இல்லை, லட்சத்தில்.

எந்தச் சிலிண்டர் சரியில்லை என்று கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் செய்ய வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் உடனே மாறும், இன்ஜின் தள்ளாடும். சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். காமன் ரெயில் வண்டியில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், அதில் பிரஷர் ஆயிரம் பாரைத் தாண்டும், கசிகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்கவேண்டிய நிலை வரலாம்.

எனக்கு இரண்டாவதும் நாலாவதும் செத்திருந்தன. அந்த இன்ஜெக்டர்களைக் கழற்றி நாஸிலைப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. நாஸிலின் உடம்பில் டிஎல்எல்ஏ என்று தொடங்கி ஒரு நம்பர் இருக்கும், அடுத்து பி, அதன்பின் இன்னொரு நம்பர். முதலில் வருகிற நம்பர் டீசல் எந்தக் கோணத்தில் விரிந்து தெளிக்கும் என்பது. அந்த இன்ஜினின் பிஸ்டன் குழி எந்த அளவோ அதற்குத் தகுந்த கோணம்தான் போட வேண்டும். என் வண்டியில் இரண்டிலும் நாலிலும் இருந்த கோணம் வேறு, வேறு ஏதோ இன்ஜினின் நாஸில். சரி, ஒன்றும் மூன்றும் புதுசா என்று பார்த்தால் அவை என்னுடைய பழைய நாஸில்களேதான். நான் எடுத்திருந்த போட்டோவில் ஒன்றின் விளிம்பில் சின்ன வெட்டு இருந்தது, அந்த வெட்டு அப்படியே இருக்கிறது. கரியைச் சுரண்டிப் பளபளப்பாக்கிப் போட்டிருக்கிறார்கள். பழைய சாமான் கவரில் இருந்த நாஸில்களின் நம்பர் ஒன்றுகூட என் போட்டோவோடு ஒத்துவரவில்லை, யாரோ தூக்கிப்போட்ட துருப்பிடித்த சாமான்.

பம்பை நானாகப் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டால் நீதான் கெடுத்தாய் என்று சொல்லிவிடுவார்கள். அம்பத்தூரில் இன்னொரு கடை, கஸ்டமரைப் பக்கத்தில் நிற்கவைத்து பெஞ்ச் ஓட்டுகிறவர்கள். அங்கே கொண்டுபோய், வந்த நிலையிலேயே முதலில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். நாலு குழாயும் நாலு மட்டம். ஒன்று மற்றதைவிடக் கால் பங்கு குறைவு. அதிகபட்ச டீசல் அளவை நிர்ணயிக்கிற ஃபுல் லோடு ஸ்க்ரூவில், யாரும் திருகாமல் இருக்கப் போடுகிற ஈயச் சீல் இல்லை, ஸ்க்ரூ நன்றாக உள்ளே திருகப்பட்டிருந்தது. அதாவது தேய்ந்த எலிமெண்ட் கசியவிடுகிற டீசலுக்கு ஈடுகட்ட மொத்த அளவையே ஏற்றிவிட்டிருக்கிறார்கள், அதனால்தான் முதல்நாள் அந்தப் பாய்ச்சல். அப்புறம் அந்த மெக்கானிக் அண்ணன் பிளஞ்சர்களை வெளியே எடுத்து லைட்டில் காட்டினார். புது பிளஞ்சர் கண்ணாடி போல இருக்கும். இதில் டீசல் அளவைத் தீர்மானிக்கிற சாய்வு வெட்டுக்குப் பக்கத்தில் நெடுக்காகக் கீறல், மங்கிப்போன பட்டை. நாலும் அப்படியே. எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். கேட்டதும் அவர் பெஞ்ச் அளவை லெட்டர் பேடில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மாதவரம் போனேன். முதலில் "நீ வேற எங்கயோ மாத்திட்டு வந்து எங்க மேல போடற" என்றார்கள். போட்டோவைக் காட்டியதும் "பையன் தப்பா போட்டுட்டான், விடு, நாஸிலை மாத்தித் தரேன்" என்று இறங்கினார்கள். காசைத் திருப்பித் தரச் சொன்னதும், "லோடு வண்டிதானே, வியாபாரத்துக்கு ஓட்டறே, கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் உனக்குக் கிடையாது, போய்ப் பார்த்துக்கோ" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்னது பொய். நிறைய டிரைவர் ஓனர்கள் இந்த ஒரு வார்த்தையில் பயந்து திரும்பிவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்கியது சேராது என்று இருப்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியதை வியாபார நோக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் விளக்கமும் கொடுத்திருக்கிறது. ஒரு வண்டி வைத்து நாமே ஓட்டிப் பிழைக்கிறோம் என்றால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்த தேதியில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே ஆஜராகலாம், ஆன்லைனிலும் போடலாம்.

பில்லையும் சும்மா விட்டுவிடாதீர்கள். என் பில்லில் இருந்த ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன், பதிவு ரத்தாகிவிட்டது என்று வந்தது. அப்படியென்றால் என்னிடம் வரி என்று வாங்கிய காசு எங்கே போனது? 15 இலக்க நம்பர் அது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். காசு கொடுப்பதற்கு முன்னால் கடை வாசலில் நின்றே போனில் பார்த்துவிடலாம்.

பம்ப் கொடுப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். பெஞ்சில் ஓட்டும்போது பக்கத்தில் நிற்கவிடாத கடைக்குக் கொடுக்காதீர்கள், சென்னையில் நிற்கவிடுகிற கடைகள் இருக்கின்றன. புது நாஸிலும் எலிமெண்ட்டும் சீல் உடைக்காத டப்பாவில் உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், காலி டப்பாவைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் நீங்களே அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கிக்கொண்டு போய்க் கூலி மட்டும் கொடுங்கள், விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், பரவாயில்லை. பெஞ்ச் அளவு எழுதிய சீட்டும், ஃபுல் லோடு ஸ்க்ரூவில் ஈயச் சீலும் இல்லாமல் பம்பைத் தூக்காதீர்கள். "பவர் ஏத்தித் தரேன்" என்று யாராவது சொன்னால், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும்போது புகை டெஸ்டில் மாட்டினால் நீ வருவியா என்று கேளுங்கள். பிஎஸ்4 மாசு விதிக்கு முந்திய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 ஹெச்எஸ்யூவை (புகை அடர்த்தியின் அலகு) தாண்டக்கூடாது, எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு எஃப்சியோ வருஷா வருஷம்.

இப்போது அம்பத்தூரில் புது எலிமெண்ட் போட்டு, நாஸில் டீலரிடம் வாங்கி, வண்டி நன்றாக ஓடுகிறது, லோடில் புகை இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டேன். அந்தத் தப்பு நாஸில்கள், கீறல் விழுந்த பிளஞ்சர்கள், பில், பெஞ்ச் சீட்டு எல்லாம் தனிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், ஆணையத்தில் காட்ட வேண்டும். மாதவரம், மூலக்கடை, செங்குன்றம் பக்கம் கடந்த ஒரு வருஷத்துக்குள் பம்ப் வேலை கொடுத்து, வந்தபிறகு கறும்புகையும் மிஸ்ஸிங்கும் இருக்கிறவர்கள் முதலில் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்கள், பிறகு நாஸில் நம்பரைப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் பில்லை எடுத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள், ஒரே கடையாக இருந்தால் சேர்ந்தே புகார் கொடுப்போம்.