கட்டைவிரல் மூட்டு: செதுக்கலா, மாற்றா, இணைப்பா?

கால் கட்டைவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில் உள்ள மூட்டு தேய்ந்துபோனால் ஒவ்வொரு அடியிலும் அது தெரியும். நடக்கும்போது குதிகால் மேலெழும்பும் நேரத்தில் அந்த விரல் மேல்நோக்கி மடங்கியாக வேண்டும். தேய்ந்த மூட்டு மடங்காது. போதாக்குறைக்கு மூட்டின் மேல்பக்கம் எலும்பு முண்டு வளர்ந்து ஷூவில் உரசும். எலும்பு டாக்டரிடம் போனால் பெரும்பாலும் மூன்று வழி சொல்வார்: முண்டைச் செதுக்கி எடுப்பது, செயற்கை மூட்டு வைப்பது, இரண்டு எலும்பையும் ஒரே எலும்பாக ஒட்டவைத்துவிடுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் இணைப்பு, ஆங்கிலத்தில் ஃபியூஷன், என்கிறார்கள்.

இந்த மூன்றையும் எடைபோடும்போது பலரும் முதலில் கேட்பது, "விரல் மடங்குமா, மடங்காதா?" என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அறுவைக்குப் பிறகு வரும் மூன்று மாதம் எப்படிப் போகும், அதற்கப்புறம் இன்னொரு முறை தியேட்டருக்குள் போக வேண்டிவருமா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

அறுவையே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். வளையாத அடிப்பகுதி கொண்ட ஷூ, முன்பக்கம் சற்றே மேல்நோக்கி வளைந்த அடி, உள்ளே கார்பன் ஃபைபர் தகடு, தேவைப்பட்டால் மூட்டில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. இதிலேயே பல வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. விரலை மடங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஷூ வைத்தியத்தின் சூட்சுமம். அப்படிப்பட்ட ஷூ போட்டதும் வலி நன்றாகக் குறைகிறது என்றால், மூட்டை அசையாமல் இணைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே ஒரு முன்னோட்டம்.

செதுக்கலும் இணைப்பும்

நேரடிப் போட்டி இந்த இரண்டுக்கும்தான். செதுக்கலைக் கைலெக்டமி என்பார்கள். முண்டையும், பாத எலும்புத் தலையின் மேல்பகுதியில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையும் வெட்டி எடுத்து, விரல் மேலே மடங்க வழிவிடுவார்கள். மூட்டு மூட்டாகவே இருக்கும். மீட்சியும் சுலபம்: கெட்டியான அடி கொண்ட செருப்போடு அன்றோ மறுநாளோ நடக்கலாம், இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், வீக்கம் விட்டுக்கொடுத்தால் சில வாரங்களில் வழக்கமான ஷூ.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா மூட்டுக்கும் இது ஒத்துவராது. 2003-இல் காஃப்லின், ஷர்னாஸ் என்ற இரண்டு அறுவை நிபுணர்கள் வெளியிட்ட தரவரிசை, இந்தத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை பிரிக்கிறது. எக்ஸ்ரே, மேல்நோக்கி எத்தனை டிகிரி மடங்குகிறது, எங்கே வலிக்கிறது ஆகியவைதான் அதற்கு ஆதாரம். நல்ல மூட்டு 40 முதல் 60 டிகிரி மடங்கும். 3-ஆம் நிலையில் 10 டிகிரிகூடத் தேறாது. 3-ஐயும் 4-ஐயும் பிரிப்பது எக்ஸ்ரே அல்ல, டாக்டரின் கைதான். விரலைப் பிடித்து, முழுக்க மடக்காமல், நடுவில் மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். கடைசி எல்லையில் மட்டும் வலித்தால் முண்டு இடிக்கிறது என்று பொருள். செதுக்கினால் பலன் இருக்கும். நடு அசைவிலேயே வலித்தால் உள்ளே குருத்தெலும்பு போய்விட்டது. அதற்குமேல் மேற்பரப்பைச் செதுக்கி என்ன பயன்? அடுத்த முறை டாக்டர் அந்த அசைவைச் செய்யும்போது எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். எந்த அறுவை என்பதை முடிவு செய்வதில் அந்தப் பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

செதுக்கலில் இன்னொரு வசதி, அது எந்தக் கதவையும் மூடுவதில்லை. சில வருடம் கழித்துத் தேய்மானம் முற்றினால் அப்போது இணைத்துக்கொள்ளலாம். ஆனால் நோய் அங்கேயேதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மீட்சியில் இரண்டும் நேர் எதிர். செதுக்கியவர்கள் சில நாட்களிலேயே விரலை மடக்கிப் பழக வேண்டும். பயந்து அசைக்காமல் விட்டால் வடு இறுகி, அறுவைக்கு முன்பிருந்த விறைப்பே திரும்பும். இணைத்தவர்களோ எலும்பு ஒட்டும்வரை அந்த மூட்டில் அசைவே கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பயிற்சியைக் கேட்டுச் செய்வதற்கு முன் அவருக்கு நடந்தது எந்த அறுவை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செயற்கை மூட்டு

முழங்காலிலும் இடுப்பிலும் மாற்று மூட்டு நன்றாக வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தானே என்று நினைப்பது இயல்பு. இந்த மூட்டு சின்னது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை அதை உந்தித் தள்ளுகிறது. சிலிக்கோன், உலோகம் என்று பல வகை வந்துபோயிருக்கின்றன. 2005-இல் எடின்பரோவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இணைப்பும் மற்றவர்களுக்கு மாற்று மூட்டும் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து இணைப்புதான் முன்னால் நின்றது. பொருத்திய மாற்று மூட்டுகளில் சில தளர்ந்து, எடுக்க வேண்டியதாயிற்று. 2016-இல் அமெரிக்காவில் கார்டிவா என்ற ஹைட்ரோஜெல் உருளைக்கு (மூட்டுக்குள் வைக்கும் மெத்தென்ற செயற்கைத் துண்டு) அனுமதி கிடைத்தபோது எதிர்பார்ப்பு மறுபடி எகிறியது. 2024 அக்டோபரில் தயாரிப்பாளரே அதைத் திரும்பப் பெற்றார்.

மாற்று மூட்டு தோற்றால் பழைய இடத்திலேயே வந்து நிற்பதில்லை, பள்ளத்தில் நிற்கிறோம். உள்ளே எலும்பு குறைந்திருக்கும். அப்புறம் இணைக்க வேண்டுமானால் இடுப்பிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ எலும்பு எடுத்து நடுவில் வைக்க வேண்டிவரலாம், மீட்சியும் நீளும். மாற்று மூட்டை நானாக இருந்தால் தேர்ந்தெடுக்க மாட்டேன். யாராவது பரிந்துரைத்தால், "இது தோற்றால் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

விரல் எலும்பின் அடிப்பகுதியை வெட்டியெடுக்கும் கெல்லர் முறை என்ற பழைய வழியும் உண்டு. அதிகம் நடக்காத முதியவர்களுக்கு இன்றும் செய்கிறார்கள். விரல் குட்டையாகித் தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால் ஓடியாடுகிறவர்களுக்குச் சரிவராது.

இணைத்தால் எதை இழக்கிறோம்

மிச்சமிருக்கும் குருத்தெலும்பை முழுக்கச் சுரண்டி, ஒரு முனையைக் கிண்ணம்போலவும் மற்றதைக் குமிழ்போலவும் சீவிப் பொருத்தி, ஸ்குரூவோ, தகடும் ஸ்குரூவுமோ போட்டு இறுக்குவார்கள். குறுக்காக இரண்டு ஸ்குரூ நல்லதா, தகடு நல்லதா என்று நோயாளிகள் இணையத்தில் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அது வேண்டாத கவலை. டாக்டருக்குக் கை பழகியது எதுவோ அதை அவர் செய்யட்டும்.

கவலைப்பட வேண்டியது கோணத்தைப் பற்றி. தியேட்டரில் ஒரு தட்டையான பலகையையோ பெட்டி மூடியையோ உள்ளங்காலில் வைத்து அழுத்தி, நிற்பதுபோல் பாவனை செய்து பார்ப்பார்கள். விரலின் சதைப்பகுதி பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தரையைக் கணக்கில் கொண்டால் சுமார் 10 முதல் 15 டிகிரி மேல்நோக்கி, அதே அளவு பக்கத்து விரல் பக்கமாகச் சாய்வு. மிகவும் கீழே வைத்துவிட்டால் விரல் நுனி தரையில் குத்தும், அடுத்த மூட்டு தேயும்; மிகவும் மேலே வைத்தால் நகம் ஷூவில் இடிக்கும். ஒட்டிய பிறகு மாற்ற முடியாது. அதனால் நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூவின் குதிகால் உயரத்தை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். எடுத்துப்போய்க் காட்டினாலும் தப்பில்லை.

நடை, மலையேற்றம், சைக்கிள், பலருக்கு ஓட்டம்கூடத் திரும்பிவிடும். நுனிப் பக்கத்துச் சின்ன மூட்டு எப்போதும்போல் மடங்கும். போவது உயரக் குதிகால் செருப்பு, விரல்களை மடக்கி ஊன்றி மண்டியிடுவது, குதிகாலைத் தூக்கிக் குத்துக்காலிட்டு உட்காருவது. இதில் ஏதாவது உங்கள் வேலைக்கு உயிர்நாடி என்றால் இணைப்பைப் பற்றி இன்னொரு தரம் யோசிக்கலாம்.

முன்னேற்பாடு

புகைப்பவர்கள் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடாமல் இருக்க வேண்டும். இணைப்பைக் கெடுப்பதில் புகைக்கு இணையான எதிரி குறைவு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, வைட்டமின் டி குறைவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதத்தில் வெடிப்போ நகச்சுற்றோ இருந்தால் முன்கூட்டியே ஆற்றிவிடுங்கள்; அதற்காகவே தேதியைத் தள்ளிவைப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது, கேட்டுச் செய்ய வேண்டும்.

மயக்கத்திலும் தேர்வு உண்டு: முழு மயக்கம், முதுகில் ஊசி, அல்லது கணுக்காலைச் சுற்றி ஊசி போட்டுப் பாதத்தை மட்டும் மரக்கவைப்பது. முதல் இரண்டில் எதைச் செய்தாலும் கணுக்கால் ஊசியையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுக்கு வந்த பிறகும் பாதி நாள், சில சமயம் ஒரு நாள்வரை வலி தெரியாது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வலியே இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டால், மரப்பு விலகும் நள்ளிரவில் மொத்தமாக வந்து நிற்கும். மரப்பு போவதற்கு முன்பே முதல் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். அழற்சி குறைக்கும் வலிமருந்துகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்று சில டாக்டர்கள் தவிர்ப்பார்கள். உங்கள் டாக்டர் எந்தக் கட்சி என்று கேட்டு வையுங்கள்.

குதிகாலில் நடப்பதா, கால் ஊன்றாமலா

இணைப்புக்குப் பிறகு எப்படி நடப்பது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. சிலர் தட்டையான கெட்டி ஷூவில் குதிகாலை ஊன்றி முதல் நாளிலிருந்தே நடக்கவிடுகிறார்கள். சிலர் ஆறு வாரம்வரை ஊன்றவே விடுவதில்லை. எலும்பு உறுதியாகவும் பிடிப்பு வலுவாகவும் இருப்பவர்களுக்கு முதல் வழி போதும் என்ற பக்கம்தான் இப்போது காற்று வீசுகிறது. குதிகால் பக்கம் மட்டும் தடித்த ஷூ விரல்பகுதிக்கு நல்ல பாதுகாப்புதான், ஆனால் ஆளைப் பின்பக்கம் சாய்க்கும். எந்த ஷூவானாலும் மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் ஒன்று போடாவிட்டால் இரண்டு வாரத்தில் இடுப்பு பேச ஆரம்பிக்கும்.

ஊன்றக் கூடாது என்றால் க்ரட்ச், வாக்கர், முழங்கால் ஸ்கூட்டர் மூன்றில் ஒன்று. க்ரட்ச் படியேற உதவும், ஆனால் இரண்டு கையும் போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரை அடுத்த அறைக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்கூட்டர் சமதரையில் சுகம், வாசற்படியில் கவிழ்க்கும். வாக்கர் மெதுவானது, வயதானவர்களுக்குப் பத்திரமானது. எதுவானாலும் அறுவைக்கு முன்பே வீட்டில் ஓட்டிப் பாருங்கள், முக்கியமாகக் குளியலறை வாசலில்.

எந்த வழியானாலும் முதல் இரண்டு வாரத்தில் பெரும்பொழுதும் கால் நெஞ்சைவிட உயரத்தில்தான் இருக்க வேண்டும். தலையணையிலிருந்து காலைத் தொங்கவிட்ட கொஞ்ச நேரத்தில் விரல்கள் கருநீலமாகி, கட்டு இறுகுவதுபோல் துடிக்கும். மேலே தூக்கினால் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றாலோ, கெண்டைக்காலில் வலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், சீழ் எதுவும் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பு, ஆறாவது வார வாக்கில் எக்ஸ்ரே, 10 முதல் 12 வாரத்தில் அகலமான ஷூ. உட்கார்ந்து செய்யும் வேலைக்குக் காலைத் தூக்கி வைக்க இடம் இருந்தால் சீக்கிரமே போகலாம். நின்று செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். வலது காலில் அறுவை என்றால் கார் ஓட்ட ஆறு எட்டு வாரம் பிடிக்கும். வீக்கம் ஆறு மாதம் தாண்டியும் சாயங்காலங்களில் எட்டிப்பார்க்கும்.

நூற்றில் 90 பேருக்கு மேல் எலும்பு ஒட்டிவிடுகிறது. ஒட்டாதவர்களிலும் எல்லோருக்கும் மறு அறுவை வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் கோடு தெரிந்தாலும் நடக்கும்போது வலி இல்லையென்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். தகடும் அப்படித்தான்: ஷூவில் உறுத்தினால் எலும்பு நன்றாக ஒட்டிய பிறகு எடுக்கலாம், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கலாம்.