எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரும் வால்வு ஆம்பும்: நீண்டநாள் அனுபவம்

பிபிசியின் சின்ன ஸ்பீக்கரான எல்எஸ்3/5ஏ வைத்திருப்பவர்களிடம் வால்வு ஆம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) என்று பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி, "சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) 83 டெசிபெல்கூட இல்லாத பெட்டிக்குப் பத்து வாட் எப்படிப் போதும்?" லீக் ஸ்டீரியோ 20, 300பி வால்வு கொண்ட ஒரு சிங்கிள்-எண்டட், க்வாட் II என்று மூன்று வால்வு ஆம்ப்களிலும் இந்த ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் பல வருடங்களாகக் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் வாட் ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஆம்பின் பின்பக்கம் ஸ்பீக்கரை மாட்ட எந்த ஓம் முனை இருக்கிறது, ஆம்பின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் (உள் மின்தடை) எவ்வளவு, இந்த இரண்டைப் பொறுத்துத்தான் ஜோடி சேருவதும் சேராததும்.

முதலில் பெட்டியைப் பற்றி. 1970களில் பிபிசியின் ஆராய்ச்சித் துறை உருவாக்கிய மானிட்டர், அதாவது ஒலியைச் சோதித்துப் பார்க்கும் ஸ்பீக்கர் இது. வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் பெரிய மானிட்டர் வைக்க இடம் கிடையாது. அந்த இடுக்கில் உட்கார்ந்து அறிவிப்பாளரின் குரல் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டது. சுமார் 5 லிட்டர் கொள்ளளவுள்ள மூடிய பெட்டி, 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், உள்ளே கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும் (கீழ் அலைவரிசைக்கு) டி27 ட்வீட்டரும் (மேல் அலைவரிசைக்கு). ராஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டர், ஹார்பெத் போன்றவர்கள் பிபிசி லைசென்ஸில் செய்து விற்றார்கள். 1980களின் பிற்பகுதி வரை வந்தவை 15 ஓம். அதன்பிறகு வந்தவை 11 ஓம். என்னிடம் இருப்பது ராஜர்ஸ் செய்த 15 ஓம் ஜோடி. ட்வீட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஃபெல்ட் பட்டையையும் முன்பக்கத் துணியையும் யாரும் கழற்றிவிட வேண்டாம். துணி போட்ட நிலையில்தான் இதன் ஒலியைச் சரிசெய்திருக்கிறார்கள். கழற்றினால் 'ச', 'ஸ' எல்லாம் கூராகிவிடும்.

இப்போது அந்த 83 டெசிபெல் கணக்குக்கு வருகிறேன். சென்சிட்டிவிட்டியை அளப்பது 2.83 வோல்ட் கொடுத்து. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 15 ஓம் ஸ்பீக்கருக்கோ அரை வாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதாவது வாட் கணக்கில் பார்த்தால் இந்தப் பெட்டி சொல்லப்படுவதைவிடக் கிட்டத்தட்ட 3 டெசிபெல் நல்லது. ட்ரான்சிஸ்டர் ஆம்பால் இந்த லாபத்தை எடுக்க முடியாது. 8 ஓமில் 30 வாட் தரும் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் 15 ஓமில் சுமார் 16 வாட்தான் தரும். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் 15 அல்லது 16 ஓம் முனை உள்ள வால்வு ஆம்ப், தன் முழு வாட்டையும் அந்த முனையில் தரும். 15 ஓமில் 15 வாட் என்றால் 15 வோல்ட். அந்த 30 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் தருவதும் ஏறக்குறைய அதே வோல்ட்தான். இந்தப் பெட்டி பிறந்த நாட்டில் அதற்கு முந்தைய தலைமுறை ஆம்ப்கள் பெரும்பாலும் இந்த முனையோடுதான் வந்தன. இன்று வரும் புது வால்வு ஆம்ப்கள் பலவற்றில் 4, 8 மட்டுமே இருக்கின்றன. வாங்குமுன் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

லீக் ஸ்டீரியோ 20 முதலில் வந்தது. ஒவ்வொரு சேனலுக்கும் ஈஎல்84 வால்வு இரண்டு, ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் புஷ்-புல் முறை, பத்து வாட்டை ஒட்டி. 16 ஓம் முனையில் போட்டதும் குரல் பெட்டிக்கு வெளியே வந்து நின்றது. வேகமான, சுறுசுறுப்பான ஒலி. வயலின் வில் திரும்பும் இடம்கூடத் தெரிகிறது. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பழைய லீக் ப்ரீஆம்புக்கு ஏற்றபடி மிகச் சிறிய சிக்னலுக்கே இது முழுச் சத்தம் தந்துவிடும். இன்றைய சிடி பிளேயரின் 2 வோல்ட் அதற்கு ரொம்ப அதிகம். வால்யூமைத் தொட்டாலே உரக்கக் கத்தும். வால்யூமின் கீழ்க்கோடியில் இடது வலது சமமாகவும் இருக்காது. இடையில் சிக்னலைக் குறைக்கும் ஓர் அட்டென்யுவேட்டர் போட்டதும் ஆம்பே வேறு ஆம்பாகிவிட்டது.

300பி பற்றி எல்லாரும் உருகுவார்கள். எட்டு வாட். லீக்கோடு ஒப்பிட்டால் ஒரு டெசிபெல்தான் குறைவு, அதனால் சத்தம் போதவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சிக்கல் வேறிடத்தில். என்னிடமிருந்த அந்த ஆம்பில் ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பகுதியை இன்புட்டுக்கே திருப்பிப் பிழையைக் குறைக்கும் ஏற்பாடு) கிடையாது. அவுட்புட் இம்பீடன்ஸ் சில ஓம் இருக்கும். ஸ்பீக்கரின் 15 ஓம் என்பதோ பெயருக்குத்தான். உண்மையில் அது அலைவரிசைக்கு அலைவரிசை ஏறி இறங்கும். எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் இப்படிப்பட்ட ஆம்ப் கூடுதல் வோல்ட் கொடுத்துவிடும். எல்எஸ்3/5ஏயில் ஏற்கெனவே மேல்-பாஸ் பகுதியில் ஒரு புடைப்பு உண்டு; சின்னப் பெட்டி பெரிதாக ஒலிப்பதன் ரகசியமே அது. அதன்மேல் ஆம்பும் தன் பங்கை ஏற்றியதும் கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் மந்தர ஸ்தாயி கனத்து, சொற்கள் குழைந்துவிட்டன. தனி வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் அந்த ஆம்ப் சொர்க்கம், சந்தேகமே இல்லை. ஆனால் குரலைச் சோதிக்கவென்று பிறந்த ஸ்பீக்கரில் குரல் கெட்டால் எனக்கு மனம் ஒப்பவில்லை. விற்றுவிட்டேன்.

க்வாட் II-தான் நிலைத்தது. 1953-இல் வந்த மோனோ ஆம்ப்; கேடி66 வால்வு இரண்டு, 15 வாட், இணைப்பை மாற்றினால் 15 அல்லது 7 ஓம். இதன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு பகுதி வால்வின் கேத்தோடோடு சேர்ந்து ஓடுகிறது; அதோடு சாதாரண ஃபீட்பேக்கும் இருப்பதால் ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்துக்கு இது வளைந்து கொடுப்பதில்லை. முழு அவுட்புட்டுக்கு 1.4 வோல்ட் போதும் என்பதால் ப்ரீஆம்பை விலக்கி, வால்யூம் கன்ட்ரோல் ஒன்றை மட்டும் வைத்து சிடி பிளேயரை நேரே கொடுத்திருக்கிறேன். அதே எம்.டி.ஆர் பதிவில், ஒரு சொல்லை 'ம்' என்று மூடிவிட்டு மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா தனியாக மேலெழுந்து வருவது கேட்கிறது. மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் வழுக்கிச் சென்று சரியான இடத்தில் நிற்கிறது. லீக்கைவிடச் சற்று மென்மை, மேல் அலைவரிசையில் மினுமினுப்புக் குறைவு. ராத்திரி நேரம் நெடுநேரம் கேட்கிற எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

எல்லைகளும் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பெட்டி இறங்கிவிடும். இளையராஜாவின் பாஸ் கிட்டார் வரிகளில் சுரம் தெளிவாகக் கேட்கும், நெஞ்சில் இடிக்காது. நாதஸ்வரக் கச்சேரியில் தவில் தனி ஆவர்த்தனம் வந்தால், கோயில் பிராகாரத்துச் சத்தத்தை எதிர்பார்க்கவே கூடாது. எந்த ஆம்ப் போட்டாலும் பி110 அதற்கு ஏற்றதல்ல. வலிந்து ஏற்றினால் வூஃபர்தான் போகும், இன்று அதற்கு மாற்று கிடைப்பதும் லேசில்லை. என் அறை லண்டன் புறநகர் வீட்டின் சின்ன முன்னறை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி, கனமான ஸ்டாண்டில், காது உயரத்துக்கு வைத்து, ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால் இந்தக் குறைகள் பாதியாகின்றன. பெரிய ஹாலுக்கு வேறு ஸ்பீக்கர் பாருங்கள்.

11 ஓம் ஜோடி வைத்திருப்பவர்கள் 8, 16 இரண்டு முனைகளிலும் ஒரு வாரம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆம்புக்கு எதுவும் ஆகாது. நண்பர் ஒருவரின் 11 ஓம் பெட்டிகளைக் கேட்டதில் 8 ஓம் முனையில் பாஸ் இறுக்கமாகவும், 16-இல் சத்தம் சற்றுத் தாராளமாகவும் இருந்தது. நான் 8-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பழைய க்வாட், லீக் வாங்குபவர்கள் வால்வைவிடக் கப்பாசிட்டருக்குப் பயப்படுங்கள். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கப்பாசிட்டர் கசிந்தால் வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, கேடி66 தேவைக்கு மேல் சூடாகும். கவனிக்காமல் விட்டால் ட்ரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து. க்வாட் II-இல் இரண்டு கேடி66-க்கும் பொதுவாக 180 ஓம் கேத்தோட் ரெசிஸ்டர் ஒன்றுதான். அதனால் இரண்டு வால்வும் பொருத்தம் பார்த்த ஜோடியாக இருக்க வேண்டும். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் தங்கும். எனவே பழகிய கையிடம் கொடுத்து வேலையை முடியுங்கள். ஊருக்கு எடுத்துச் செல்பவர்கள், மெயின்ஸ் வோல்ட்டேஜ் முனையை அங்கே நிஜமாக வருகிற வோல்ட்டுக்கு ஏற்ப மாற்றிவிட்டு, ஸ்பீக்கரை மாட்டிய பிறகே ஆம்பைப் போடுங்கள்.