செர்பிய மொழியா, கசாக் மொழியா: தமிழ் பேசுகிறவருக்கு எது சீக்கிரம் படியும்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்றுத்தர ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. எந்த மொழிக்கு எத்தனை வாரம் பிடிக்கும் என்ற பட்டியலும் அவர்களிடம் உண்டு. அதில் செர்பியமும் கசாக்கும் ஒரே வரிசையில் வருகின்றன. இரண்டுக்குமே சுமார் 44 வாரம், 1,100 வகுப்பு மணி நேரம். ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். தமிழ் பேசி வளர்ந்தவர் இதை நம்பி இறங்கினால் ஏமாந்து போவார், அதுவும் ஒரு மொழியில் இனிமையாக.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை போலத் தெரியும், இரண்டுமே ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரிலிக் எழுத்தில் எழுதப்படுவதால். உண்மையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செர்பியம் ஸ்லாவிய மொழி. ரஷ்ய மொழிக்குப் பங்காளி. சுற்றி வளைத்துப் பார்த்தால் இந்திக்கும் தூரத்துச் சொந்தம். கசாக்ஸ்தானில் பேசும் கசாக் துருக்கிய மொழிக் குடும்பம். கிர்கிஸ் மொழி அதற்கு நெருங்கிய சொந்தம், துருக்கி நாட்டு மொழி சற்றுத் தள்ளி.

முதலில் எழுத்து. இங்கே செர்பியம் சுலபமாக ஜெயித்துவிடும். செர்பிய எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச் 1818ல் வியன்னாவில் வெளியிட்ட அகராதியில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்று மொத்தம் 30 எழுத்துகள். லத்தீனிலிருந்து ஓர் எழுத்தைக் கடன் வாங்கியதற்குத் திருச்சபைக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் ஏற்பாடு நிலைத்துவிட்டது. எழுதியபடி படிக்கலாம், பேசியபடி எழுதலாம். ஒரு வாரத்தில் கடைப் பலகைகளைப் படித்துவிடலாம். அரசியல் சாசனப்படி சிரிலிக்தான் அதிகாரபூர்வம் என்றாலும் லத்தீன் எழுத்தும் சரிக்குச் சரி புழங்குகிறது. பள்ளிப் பிள்ளைகள் முதல் வகுப்பில் ஒன்றையும் இரண்டாம் வகுப்பில் மற்றொன்றையும் கற்கிறார்கள். நமக்குப் பழக்கமான இன்னொரு குணமும் செர்பியத்துக்கு உண்டு. வெளிநாட்டுப் பெயரை அதன் மூல எழுத்துக்கூட்டலில் வைக்காமல், நாம் ஷேக்ஸ்பியர் என்று எழுதுவதுபோல, காதில் விழுகிறபடி தங்கள் எழுத்தில் எழுதிவிடுவார்கள்.

கசாக் எழுத்தின் கதை அலைச்சல். அரபி எழுத்திலிருந்து 1929ல் லத்தீனுக்கு, 1940ல் சிரிலிக்குக்கு. ரஷ்ய எழுத்துகள் 33, கசாக் ஒலிகளுக்கென்று 9, ஆக 42. மறுபடி லத்தீனுக்குப் போகலாம் என்று 2017ல் முடிவெடுத்தார்கள். முதல் வரைவில் கேரட்டைக் குறிக்கும் சொல்லை எழுதிப் பார்த்தால் ரஷ்ய மொழிக் கெட்ட வார்த்தை போலப் படித்தது; ஊரே சிரித்தது. அடுத்து எழுத்துக்கு எழுத்து ஒற்றை மேற்கோள் குறி போட்ட வடிவம் வந்தது. 2018ல் அதுவும் மாறியது, 2021ல் இன்னொன்று. இன்று கற்பவருக்கு என் யோசனை, சிரிலிக்கையே படியுங்கள். புத்தகம், செய்தி எல்லாம் அதில்தான் கிடைக்கும்.

அப்புறம் வாக்கியம். தமிழ்க்காரருக்குக் கசாக் இங்கேதான் மனசைப் பறிக்கிறது. வினை கடைசியில் வரும் என்பது தெரிந்த விஷயம், அதை விடுங்கள். வினையோடு வினை சேரும் விதத்தைப் பாருங்கள். "அய்திப் கோர்" என்றால் "சொல்லிப் பார்". அய்த் என்றால் சொல், கோர் என்றால் பார். கண்ணால் பார்ப்பதற்கும் முயன்று பார்ப்பதற்கும் நம்மைப் போலவே ஒரே சொல். "ஜாசிப் அல்" என்றால் "எழுதிக்கொள்"; அல் என்பது எடுத்துக்கொள்வது. நாம் "எழுதிக்கொண்டு இருக்கிறேன்" என்கிறோம். அவர்கள் எழுதி உட்கார்ந்திருக்கிறேன், எழுதி நிற்கிறேன், எழுதிப் படுத்திருக்கிறேன், எழுதி நடக்கிறேன் என்று நான்கு துணைவினை வைத்திருக்கிறார்கள். இதில் அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள். "வருகிறேன் என்று சொன்னான்" என்பதில் வரும் "என்று", 'என்' என்ற சொல்லுதல் வினையிலிருந்து பிறந்தது. கசாக்கில் அந்த இடத்தில் வரும் "தெப்" என்பதும் சொல்லுதல் வினைதான். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. "அலிப் கெல்" என்றால் "எடுத்து வா". அது பேச்சில் சுருங்கி "அகெல்" ஆகிவிட்டது. நம் "கொண்டு வா" சுருங்கி "கொண்டா" ஆனதே, அப்படி! வீட்டில் "டீ கீ" என்போமே, அவர்கள் ரொட்டிக்கு "நான் பான்" என்பார்கள்.

வேற்றுமை உருபும் நம் பாணி. கசாக்ஸ்தானின் பெரிய நகரம் அல்மாட்டி; அல்மாட்டிக்கு என்பது "அல்மாட்டிகா", அல்மாட்டியில் என்பது "அல்மாட்டிதா". "எங்கள் புத்தகங்களில்" என்பதை ஒரே சொல்லாகக் கட்டுவார்கள்: கிதாப், தார், இமிஸ், தா. பன்மை உருபுக்கு ஆறு வடிவம் இருக்கிறது, முன்னால் வரும் உயிரையும் மெய்யையும் பொறுத்து மாறும். பூக்கள், மரங்கள், நாட்கள், சொற்கள் என்று யோசிக்காமல் மாற்றுகிறவர்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. இந்த ஒற்றுமைகளில் மயங்கித்தான் கால்டுவெல்லும் 1856ல் திராவிட மொழிகளைத் துருக்கியம் அடங்கிய 'சித்திய'க் கூட்டத்தோடு இணைக்கப் பார்த்தார். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. சாயல் இருப்பதாலேயே சொந்தம் ஆகிவிடாது என்பது சரி; படிக்கிறவனுக்குச் சாயலே போதும்.

செர்பியத்தில் ஒவ்வொரு அடியும் முள். பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால், மேசைக்கும் ஜன்னலுக்கும்கூட. நமக்குப் படர்க்கையில்தான் வந்தான், வந்தாள். அவர்களுக்குத் தன்மையிலும் உண்டு: "வந்தேன்" என்று ஆண் சொன்னால் "தோஷாவோ சாம்", பெண் சொன்னால் "தோஷ்லா சாம்". அந்தச் சின்ன "சாம்" வாக்கியத்தில் இரண்டாவது இடத்தில்தான் உட்கார வேண்டும். எண்ணிக்கை அதைவிட மோசம். ஒரு நகரம் "யேதன் க்ராத்", இரண்டு "த்வா க்ராதா", ஐந்து என்றால் "பெத் க்ராதோவா". கசாக்கில் எண்ணுக்குப் பின்னால் பன்மையே கிடையாது. நாம் "அஞ்சு ரூபாய்" சொல்கிற மாதிரி. வினைகளும் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும், செய்துகொண்டிருந்ததற்கு ஒன்று, செய்து முடித்ததற்கு ஒன்று. எழுதினேன், எழுதிவிட்டேன் என்ற வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரியும். மீதிப் பாதி மனப்பாடம்.

ஒலிப்பிலும் சோதனை. ரத்தம் "க்ர்வ்", விரல் "ப்ர்ஸ்த்", சதுக்கம் "த்ர்க்". எழுதவே கை கூசுகிறது, சொல்லின் முதலில் புள்ளி வைப்பதா என்று. நம் பத்திரிகைகள் ஜோகோவிச் என்று எழுதும் டென்னிஸ் வீரரின் பெயரின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் ஜ, ச ஒலிகள் நம் ஜ, ச அல்ல, இன்னும் மென்மையானவை. கடினமான ஜ, ச இரண்டும் தனி எழுத்துகளாக அங்கே வேறு இருக்கின்றன. ல, ள, ழ வைத்துக்கொண்டு மற்றவர்களை வாட்டுகிற நாம் இதற்காகப் புலம்பக் கூடாது.

செர்பியத்தில் நமக்கு வீட்டு ஞாபகம் வரும் இடங்களும் உண்டு. விளி வேற்றுமை அங்கே உயிரோடு இருக்கிறது. கூப்பிடும்போது சொல்லின் வடிவம் மாறும்: சகோதரன் "ப்ராத்", கூப்பிட்டால் "ப்ராதே". நம் ஊர் மச்சான் போல நண்பர்கள் பேச்சுக்குப் பேச்சு அதைச் சேர்க்கிறார்கள். தாய்மாமனுக்கு "உயாக்", அப்பாவின் சகோதரனுக்கு "ஸ்த்ரித்ஸ்" என்று தனித்தனிச் சொல். ஆனால் அண்ணன், தம்பிக்குத் தனிச்சொல் வேண்டும் என்றால் கசாக்குக்குத்தான் போக வேண்டும்: அண்ணன் "அகா", தம்பி "இனி".

உறவில்லாத இந்த இரண்டுக்கும் பொதுச் சொற்கள் இருப்பது வேடிக்கை. செர்பியா இருக்கும் பால்கன் பகுதியில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்த உஸ்மானியத் துருக்கியர் ஆட்சி செர்பியத்தில் ஆயிரக்கணக்கான துருக்கியச் சொற்களை விட்டுப் போயிற்று. தலையணை செர்பியத்தில் "யாஸ்துக்", கசாக்கில் "ஜஸ்திக்". பெரிய அண்டா இரண்டிலும் "கசான்".

சரி, எதைப் படிப்பது? பாடத்தை மட்டும் வைத்துக் கேட்டால் தயங்காமல் கசாக் என்பேன். தெருவில் இறங்கினால் கதை வேறு. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் தப்பும் தவறுமாகப் பேசினாலும் பதில் செர்பியத்திலேயே கிடைக்கும். அதை வைத்துக் குரோவேஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ வரை சமாளிக்கலாம். அல்மாட்டியில் கசாக்கில் கேட்டாலும் ரஷ்ய மொழியில் பதில் வருவது சகஜம். மருத்துவம் படிக்க அங்கே போகும் நம் பிள்ளைகளும் நோயாளியிடம் பேச ரஷ்ய மொழியைத்தான் பெரும்பாலும் தேற்றிக்கொள்கிறார்கள். தாய்மொழி சரியாக வராத கசாக்கியரை "ஷலா கசாக்" என்று அவர்களே கிண்டல் செய்வார்கள். ஷலா என்றால் அரைகுறை. ஆகவே கசாக் படிக்கிறவர் நகரத்துக் கடைக்காரரை நம்ப வேண்டாம். கிராமத்துப் பாட்டி ஒருவர் அகப்பட்டால் தேநீர் மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள். அவர் பேத்தியிடம் "அகெல்" என்பார், உங்களுக்கு "கொண்டா" என்று கேட்கும்.