கெடு முடிந்த இ-செலானை மறுக்க அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடை எவ்வளவு தூரம் உதவும்?

சேலம் அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஜெராக்ஸ், வில்லங்கச் சான்று என்ற பலகைகளுக்கு நடுவே ‘இ-செலான் பார்க்கப்படும்’ (போக்குவரத்து விதிமீறலுக்கு இணையவழி வரும் அபராதச் சீட்டு) என்ற வரியும் இப்போது சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் என் இருசக்கர வாகனத்தின் மீதிருந்த செலானை மறுக்கும் வேலையைக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இந்த வகைக் கடைகளின் முறை பெரும்பாலும் ஒன்றுதான்.

ஹெல்மெட் அணியாததற்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். வண்டி வாங்கியபோது ஷோரூம்காரர் தம் கைப்பேசி எண்ணையே பதிவில் கொடுத்திருந்ததால் குறுஞ்செய்தி எனக்கு வரவில்லை. வண்டியை விற்று ஆர்.சி.யில் (வாகனப் பதிவுச் சான்றில்) பெயர் மாற்ற முயன்றபோதுதான் செலான் நிலுவை தெரிந்தது. அதற்குள் பணம் கட்டும் கெடு முடிந்து, வழக்கு இணையவழியே செலான்களைக் கையாளும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. செலானில் குறித்த நேரத்தில் என் வண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஏற்காடு ஏரிக்கரையில் நின்றிருந்தது.

கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே சரியான கேள்வி: “படத்துல இருக்கறது உங்க வண்டிதானுங்களா?” செலானோடு இருந்த கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் நம்பர் பிளேட்டில் ஓர் இலக்கம் வேறாக இருந்தது, வண்டியின் நிறமும் வேறு. அந்தப் படம், என் வண்டியின் படம், ஆர்.சி., ஏற்காட்டு வாகன நிறுத்தச் சீட்டு ஆகியவற்றை வரிசைப்படுத்தித் தெளிவான வண்ண அச்சாகக் கொடுத்தார். கட்டணம் 300 ரூபாய். இந்த வேலைக்கு அது நியாயமான தொகை.

ஆலோசனையில்தான் கடை சறுக்குகிறது. “டைம் போயிருச்சுங்க சார், ஆயிரத்தக் கட்டிட்டுப் போயிருங்க” என்றார். இது தவறு. மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் அபராதம் செலுத்துவதற்கும் வழக்கை எதிர்ப்பதற்கும் தனித்தனித் தேர்வுகள் உள்ளன. இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு உரிய எல்லையிலுள்ள நீதிமன்றத்துக்கு மாறும். பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். 194டி பிரிவில் அபராதத்தோடு மூன்று மாத ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் இருப்பதால், செய்யாத குற்றத்தை ஆயிரம் ரூபாய்தானே என்று ஏற்பது விவேகமாகாது. கேமரா மூலம் பதிவாகும் குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும், நம்பர் பிளேட் தெரியும் படம் இணைக்கப்பட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்வதும், அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதங்களுக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கப் பொதுவாகத் தடை உண்டு என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு சொல்வதும் கடையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பழைய செலான் வைத்திருப்பவர்கள் இந்தத் தேதிகளையே முதலில் பார்க்க வேண்டும்.

கடையோடு தொடர்புள்ள வழக்கறிஞருக்கு 2,500 ரூபாய் என்றார்கள். விபத்தோ மது அருந்தி ஓட்டிய குற்றச்சாட்டோ என்றால் வழக்கறிஞர் தேவை; ஹெல்மெட் வழக்குக்கு அபராதத்தைவிட அதிகமாகக் கொடுப்பானேன்? தளத்தில் எதிர்க்கும் தேர்வைக் கொடுத்து, வழக்கு மாறிய நீதிமன்றத்தில் நானே நேரில் நின்று, படங்களையும் நிறுத்தச் சீட்டையும் கொடுத்தேன். எண் வேறுபடுவதைப் பார்த்த பிறகு வழக்கு முடிக்கப்பட்டது. தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு என்பதையும் இந்தக் கடைகள் தாமாகச் சொல்வதில்லை.

ஆர்.சி.யில் கைப்பேசி எண்ணை மாற்றித் தரும் வேலையை அதே கடையில் ஐம்பது ரூபாய்க்குச் செய்கிறார்கள். ஆதாரோடு இணைந்த எண்ணுள்ள கைப்பேசியைக் கையோடு கொண்டுபோக வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.