மரத்தளப் பலகை: நேராகவா, சாய்வாகவா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்து மரத்தளம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது: நேராகவே போடுங்கள். பலகையைத் தாங்கும் கீழ்ச்சட்டங்களுக்கு 16 அங்குல இடைவெளி பெரும்பாலும் போதும். மரமும் வீணாகாது.

45 பாகை சாய்த்தால் பலகை சட்டத்துக்குச் சட்டம் தாண்டும் தூரம் 1.4 மடங்காகும், 16 அங்குலம் ஏறக்குறைய 23 ஆகிவிடும். நடக்கும்போது பலகை துள்ளும். அதனால் சட்டங்களை 12 அங்குலத்துக்கு நெருக்க வேண்டும். ஒவ்வொரு முனையையும் சாய்த்து அறுக்க வேண்டும். மிஞ்சும் முக்கோணத் துண்டுகள் ஒன்றுக்கும் உதவாது. ஓடாவியாருக்கு (தச்சருக்கு)க் கூலியும் கூடும். அழகு என்று பார்த்தால், சரி, சாய்வுதான். சின்ன முற்றமும் அகலமாகத் தெரியும்.

எப்படிப் போட்டாலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகாணியே வாங்குங்கள். சாதாரண ஆணி உப்புக்காற்றில் துருவேறி, தலையைச் சுற்றிப் பலகையில் கறை படிந்துவிடும். மார்கழி மழைத்தண்ணீர் வடியப் பலகைகளுக்கிடையே இடைவெளியும் விடுங்கள்.