பெரிய டயர் போட்ட பிக்கப்பில் மீட்டரைச் சரிசெய்தது: இரண்டரை வருட அனுபவம்

பாம்பனில் ஏலம் எடுக்கும் மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி மதுரைக்கு ஏற்றிப் போகிற டீசல் பிக்கப் என்னுடையது. மீன் கம்பெனியோடு பேசியிருக்கும் வாடகை கிலோமீட்டர் கணக்கு. சில நாள் வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் கரைக்கே போய் ஏற்ற வேண்டிவரும். லோடோடு பின்சக்கரம் மணலில் இறங்கிவிட்டால் பலகை வைத்துத் தள்ளி ஏற்றுவதற்குள் பாதி ஐஸ் கரைந்துவிடும். அதனால் 2023 ஜனவரியில், வண்டியோடு வந்த 215/75 ஆர்15 டயர்கள் தேய்ந்ததும் 235/75 ஆர்15 போட்டேன். எவ்வளவு எடை தாங்கும் என்று டயரில் போட்டிருக்கும் சுமை எண் பழைய டயருக்குக் குறையாமல் பார்த்துதான் வாங்கினேன். சரக்கு வண்டியில் அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மணலில் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. டயரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது மீட்டரைப் பற்றி.

கணக்கு எளிது. பழைய டயரின் விட்டம் 703.5 மி.மீ., புதியது 733.5 மி.மீ. முன்பு ஒரு சுற்றுக்கு 2,210 மி.மீ. நகர்ந்த வண்டி இப்போது 2,304 மி.மீ. நகர்கிறது. கியர்பாக்ஸில் இருக்கும் சென்சார் சுற்றை மட்டும்தான் எண்ணுகிறது. வெளியே எந்த டயர் மாட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆக, மீட்டரில் 100 ஓடினால் ரோட்டில் 104 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே ஓடியிருக்கும்.

டயர் கடையில் இதைச் சொன்னார்கள். அப்படியானால் வேகம் காட்டும் முள்ளும் குறைத்துத்தான் காட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் கூட்டம் வருமுன் தனுஷ்கோடி ரோட்டுக்குப் போனேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்கோடாக ரோடு. இந்த மாதிரி சோதனைக்கு எங்கள் மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் கிடையாது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் படித்துக்கொண்டு வந்தான். முள் 60-இல் நின்றபோது போனிலும் 60. எனக்கு ஒரே சந்தோஷம். பழைய டயரில் இதே முள் 60 காட்டும்போது போன் 57, 58 என்றுதான் காட்டும். பெரிய டயர் போட்டதில் மீட்டர் சரியாகிவிட்டது, இனி எதுவும் செய்ய வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். பெரிய டயர் போட்ட பலரும் இதே இடத்தில் ஏமாந்து நிற்பதை அப்புறம் பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மீன் கம்பெனிக் கணக்கர் கூப்பிட்டு அனுப்பினார். நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். பாம்பனிலிருந்து மதுரை மார்க்கெட் போய்த் திரும்பும் நடைக்குப் போன வருடம் முழுக்க 325, 326 என்று எழுதியிருந்தேன். ஜனவரிக்கு அப்புறம் 312, 311. “அதே ரோடு, அதே மார்க்கெட். இப்ப எழுதுறது நெசம்னா, முன்னாடி 13 கிலோமீட்டர் கூட்டி எழுதினீங்களாண்ணே?” என்று மெதுவாகத்தான் கேட்டார். எட்டு வருடமாக அந்தக் கம்பெனிக்கு ஓட்டுகிறேன். நான் 13 கிலோமீட்டர் குறைவாகக் கூலி வாங்கிக்கொண்டிருந்தது கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் ராத்திரி தூங்க விடவில்லை.

வேகம் சரியாகக் காட்டும் மீட்டர் தூரத்தை எப்படிக் குறைக்கும்? விசாரித்ததில் புரிந்தது. வண்டி செய்பவர்கள் முள்ளை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைக்கிறார்கள். உண்மை வேகத்தைவிட முள் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் தூரம் எண்ணும் ஓடோமீட்டரில் அந்தக் கூட்டல் கிடையாது. அது ஏறக்குறைய உள்ளபடியே எண்ணும். பெரிய டயர் முள், தூரம் இரண்டையும் 4 சதவீதம் கீழே இழுத்தது. கூடுதலாக இருந்த முள் சரியான இடத்துக்கு வந்தது. சரியாக இருந்த தூரம் குறைந்துபோனது. அதனால் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து மீட்டரைச் சரிசெய்யாதீர்கள். தூரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். தூரம் சரியானால் முள் தானாகத் தன் பழைய இடத்துக்குப் போய்விடும்.

ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, எனக்கும் நடை குறைவு. அந்த நேரத்தில் சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டுகிற ஒரு சின்னத் திருத்தப் பெட்டியை வரவழைத்தேன். பெட்டி 3,800 ரூபாய், ராமநாதபுரத்தில் எலக்ட்ரீசியன் கூலி 600. சென்சாரிலிருந்து வரும் மூன்று ஒயரில் சிக்னல் ஒயரை மட்டும் வெட்டிப் பெட்டி வழியாக விட வேண்டும். சென்சார் அனுப்பும் மின்துடிப்புகளின் எண்ணிக்கையைப் பெட்டி நாம் சொல்லும் சதவீதத்துக்குக் கூட்டி அனுப்பும். எலக்ட்ரீசியன் போனை டாஷ்போர்டில் வைத்து, “முள் சரியாத்தாண்ணே இருக்கு, இதுக்கு எதுக்குப் பெட்டி?” என்றார். கணக்கரின் நோட்டுக் கதையைச் சொன்ன பிறகுதான் 104.3 என்று வைத்தார்.

சோதித்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழக்கரை தாண்டி ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போகிற பக்கம். மைல்கல்லுக்கு நேராக வண்டியை நிறுத்தி ட்ரிப் மீட்டரைச் சைபராக்கிவிட்டுக் கிளம்பினோம். ஒரே ஒரு கிலோமீட்டர் வைத்துப் பார்த்தால் போதாது. ரோடு அகலப்படுத்தும்போது கல் இடம் மாறியிருக்கும், சில கல் கருவேலஞ்செடிக்குள் மறைந்தே போயிருக்கும். 20 கல் எண்ணினோம். போனிலும் தூரத்தை ஓடவிட்டோம். பெட்டியில்லாமல் போனபோது 19.2. பெட்டியோடு திரும்பி வந்தபோது 20.0. அந்த 20.0-ஐப் போட்டோ எடுத்துக் கணக்கருக்கு அனுப்பினேன். ஜூனில் கடல் திறந்து முதல் நடை போய் வந்ததும் 325 என்று எழுதிக் கொடுத்தேன். பழைய நான்கு மாதத்துக் கூலி வித்தியாசத்தை அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். விடுபட்ட கிலோமீட்டரை மீட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். ஓடோமீட்டர் எண்ணில் கை வைக்கிற வேலை அது. எத்தனை விடுபட்டது என்று சர்வீஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு வண்டியை வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும்.

பெட்டி ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியது. நவம்பர் மழையில் முள் குதிக்க ஆரம்பித்தது. 50-இல் போகும்போது சட்டென்று சைபருக்கு விழும், அப்புறம் எழும். மண்டபத்தில் ஓரங்கட்டி அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பக்கத்தில் டேப் சுற்றிய ஜாயின்டைப் பிரித்தால், செம்புக் கம்பி முழுக்கப் பாசி படிந்த மாதிரி பச்சை. விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. இந்தக் கரையில் வாடைக் காற்றும் உப்பும் டேப்புக்குள் புகுந்துவிடும், அதோடு ஐஸ் தண்ணீர் வேறு சொட்டும். கெட்டது பெட்டி இல்லை, இணைப்பு. ஒயரைக் கேபினுக்குள் இழுத்து, பெட்டியை டாஷ்போர்டுக்குப் பின்னால் மாட்டி, எல்லா ஜாயின்டையும் ஈயம் வைத்துச் சுருங்கும் டியூப் போட்டு மூடினோம். அடியில் மிச்சமிருந்த சென்சார் கனெக்டரில் கிரீஸ் அடைத்தோம். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, முள் ஒரு தடவை கூட ஆடவில்லை.

டீசல் விஷயமும் சொல்ல வேண்டும். முன்பு லிட்டருக்கு 13.5 கிடைத்தது. பெரிய டயருக்கு அப்புறம் 38 லிட்டருக்கு மீட்டரில் 480 கி.மீ., அதாவது 12.6. டயர் டீசலைக் குடிக்கிறது என்று நானும் புலம்பினேன். உண்மையில் ஓடியது 500, மைலேஜ் 13.2. குறைந்தது 0.3தான். இழுவை குறைந்தது மட்டும் நிஜம். நான்காவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்த பாம்பன் பாலம் இப்போது லோடு இருந்தால் மூன்று கேட்கிறது.

டயர் தேயத் தேய விட்டமும் குறைகிறது. போன மாதம் அளந்தபோது 9 மி.மீ. உயரம் இருந்த பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் கட்டை) 4-க்கு வந்திருந்தது. விட்டத்தில் 10 மி.மீ. போச்சு. இப்போது மீட்டர் 1.4 சதவீதம் கூட்டி எண்ணுகிறது. 3,000 எழுதினால் ஏறக்குறைய 40 கி.மீ. கம்பெனியிடம் அதிகம் வாங்குகிறேன் என்று அர்த்தம். கணக்கரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை 102.8-க்கு இறக்கினேன். அடுத்த புது டயருக்குத் திரும்ப 104.3.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிற வண்டியில், சிக்னல் ஒயர் அதற்குப் பிரிகிற இடத்துக்கு முன்னாலேயே பெட்டியைப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் 80-இல் நிறுத்த வேண்டிய கருவி 83 வரை விடும். அதன் சீல் முத்திரையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். பொருத்தித் தந்தவரையே கூப்பிடுங்கள். கேபிள் ஓடுகிற பழைய வண்டிகளுக்கு இந்தப் பெட்டி உதவாது. கியர்பாக்ஸில் கேபிளைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரத்தைத்தான் பல் எண்ணிக்கை பார்த்து மாற்ற வேண்டும். என் மாமாவின் பழைய வண்டிக்குப் பொருத்தமான பல்சக்கரம் மதுரையில் இரண்டு நாள் அலைந்த பிறகு ஒரு பழைய சாமான் கடையில்தான் கிடைத்தது.