களியக்காவிளைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு: எந்த ஊர் பாத்ரூம் நமக்கு ஒத்துவரும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் கேரளத்துப் பாறசாலை. இந்த வட்டாரத்தில் வீட்டுக்குப் பிளான் போடும்போது அதிகம் இழுபடுவது பாத்ரூம்தான். துபாயில் இருக்கிற மகன் அங்குள்ள பிளாட்டில் பார்த்ததைக் கேட்கிறார். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள் தரை நனையவே கூடாது என்கிறார். அப்பாவுக்குக் குத்தவைத்து உட்கார்ந்தால்தான் திருப்தி, அம்மைக்கு மூட்டுவலி. எல்லார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு முழுக்கக் கிளாசெட்டைச் சுற்றியே போகிறது. கிளாசெட்டைப் பத்து வருஷம் கழித்தும் மாற்றலாம். தண்ணீர் எங்கே விழுந்து எந்தப் பக்கம் ஓடும் என்பதை மாற்ற வேண்டுமென்றால் தளத்தையே உடைக்க வேண்டும். அதனால் முதலில் தரை, பிறகுதான் கிளாசெட்.

அமெரிக்கத் தரை, கல்ஃப் தரை

அமெரிக்க வீடுகளின் பாத்ரூமில் பெரும்பாலும் தரையில் தண்ணீர் போக ஓட்டையே இருக்காது. கீழே பலகைத் தளம், சுவர் ஜிப்சம் பலகை. தண்ணீர் விழ வேண்டியது தொட்டிக்குள், அல்லது திரை போட்ட ஷவர் தட்டுக்குள். மலம் கழித்தபின் காகிதம். தரை ஒருபோதும் நனையாது என்ற நம்பிக்கையில் கட்டிய அறை அது, அந்தப் பழக்கத்துக்குச் சரியாகவும் இருக்கிறது.

இங்கே அதைப் பாதி எடுத்துக்கொள்வதில்தான் வம்பு. குளிக்கிற பக்கம் கண்ணாடித் தடுப்பு வைத்து அங்கே மட்டும் ஒரு நஹானி டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வாய், நாற்றம் மேலே வராமல் அதன் வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்) போடுகிறார்கள். கிளாசெட் பக்கம் ‘உலர் பகுதி’ என்று தரையை மட்டமாக விட்டுவிடுகிறார்கள். அங்கேயே கழுவுவதற்கான கைப்பிடிக் குழாயான ஹெல்த் ஃபாசெட்டும் இருக்கும், வாரம் ஒருமுறை வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுவதும் நடக்கும். அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் கதவு நிலையடியில் தேங்கும். இரண்டு மழைக்காலம் போனால் நிலையின் அடி ஊதி, பெயின்ட் செதிலாக உரியும். தடுப்பு வைத்தாலும் வைக்காவிட்டாலும் கிளாசெட் பக்கம் இரண்டாவது டிராப் கட்டாயம். குளிக்கும் பக்கம் மீட்டருக்கு 15 மில்லிமீட்டர் வாட்டம், கிளாசெட் பக்கம் 10 போதும். வாசலில் பாத்ரூம் தரை வெளித்தரையைவிட 20 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். டைல் ஒட்டுமுன் வாட்டர்புரூஃபிங் பூசி, டிராப்பை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள். ‘அது வேண்டாம், நான் கேரண்டி’ என்று கொத்தனார் சொன்னாலும் விடாதீர்கள்.

கல்ஃப் பிளாட்டின் பாத்ரூம் நம் பழக்கத்துக்கு இன்னும் பக்கம். தரையில் டிரெய்ன் உண்டு, கிளாசெட்டருகே கைப்பிடிக் குழாய் உண்டு. ஆனால் அது இரண்டு விஷயங்களை நம்பி நிற்கிறது: அழுத்தமாகத் தண்ணீர் தள்ளும் பம்பு, ஜன்னல் இல்லாத குறையைத் தீர்க்கும் எக்ஸாஸ்ட் குழல். அதைப் பார்த்து வீட்டின் நடுவில் ஜன்னலில்லாத பாத்ரூம் வைத்தால், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் இந்த மாவட்டத்தில் சுவர் காயவே காயாது. ஓதம் ஏறும், டைல் இடுக்கில் பூஞ்சை கறுக்கும். வெளிச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாத இடத்தில் பாத்ரூமே வேண்டாம்.

ஜப்பான் பிரித்து வைத்தது

ஜப்பானிய வீட்டில் கழிப்பறை தனிச் சிறு அறை. குளியலறை வேறு. அதற்கு முன்னால் உடை மாற்றவும் முகம் கழுவவும் ஓர் இடம். கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வாசலிலேயே கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது பெரிய மரியாதைக் குறைவு. குளியலறையில் தொட்டி இருந்தாலும் சோப்புப் போடுவதும் கழுவுவதும் தொட்டிக்கு வெளியே, தரையில், சிறு முக்காலியில் உட்கார்ந்து. உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகே தொட்டிச் சுடுநீரில் இறங்குவார்கள், அதே நீரில் அடுத்தவரும் இறங்குவார். ஆகவே அந்தத் தரை நம் தரையைப் போலவே முழுக்க நனையும் தரை. பிரான்சிலும் பல வீடுகளில் கழிப்பறை ஒரு கதவு, குளியலறை வேறு கதவு.

இதில் நமக்குப் புதிது எதுவும் இல்லை. கக்கூஸ் கொல்லையில், குளியல் கிணற்றடியில் என்று இருந்ததும், கேரளத்துத் தரவாடுகளில் குளமும் அதன் கரையில் குளப்புரை என்ற குளியல் கொட்டகையும் வீட்டைவிட்டுத் தள்ளியிருந்ததும் இதே எண்ணம்தான். அட்டாச்டு பாத்ரூம் வந்தபோது இரண்டையும் ஒரே அறைக்குள் தள்ளினோம். விளைவு காலை ஏழு மணிக்குத் தெரியும்: ஒருவர் உள்ளே போனால் மூன்று காரியமும் அடைபடும்.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு தரும் குறைந்தபட்ச அளவுகளைப் பாருங்கள். தனிக் கழிப்பறைக்கு 1.1 சதுர மீட்டர், அகலம் 0.9 மீட்டர். தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். சேர்த்துக் கட்டினால் 2.8. அதாவது பிரித்தால் கூடுவது ஒரு சுவரும் ஒரு கதவும், கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐந்து செண்டில் நான்கு படுக்கையறை, நான்கு அட்டாச்டு என்று கட்டுவதைவிட, முதியவர்கள் படுக்கும் கீழறைக்கு மட்டும் ஓர் அட்டாச்டு, மற்றவர்களுக்குப் பொதுவாகப் பிரித்த கழிப்பறை, குளியலறை, வெளியே வாஷ்பேசின் என்று அமைப்பதே இந்த ஊருக்குச் சரி. அதோடு கிணற்றடியில் ஒரு குழாயும் மறைப்பும் இருக்கட்டும். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் குளித்துவிட்டு உள்ளே வருகிற வழக்கம் இங்கே இன்னும் உண்டு. தோட்டத்திலிருந்து சேற்றோடு வருகிறவருக்கும் அது உதவும்.

பாத் டப் பற்றி ஒரே வரி: நிரப்ப 150 லிட்டருக்கு மேல் வேண்டும், வாளியில் அள்ளிக் குளித்தால் 20, 30 லிட்டரில் முடிந்துவிடும்.

குத்தவைப்பதா, உட்காருவதா

குத்தவைக்கும்போது மலக்குடலின் வளைவு நிமிர்கிறது, முக்கல் குறைகிறது. உடம்பு எதையும் தொடுவதில்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும் அறுவை சிகிச்சை செய்தவருக்கும் அதே இருப்பு முடியாது. ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை, வீட்டில் இரண்டும் இருக்கட்டும். எது எந்த மாடியில் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இந்தியன் கிளாசெட்டின் பேனும் (பீங்கான் கிண்ணம்) அதன் கீழ் வளைவான டிராப்பும் தரைக்குக் கீழே போகும். மாடியில் வைத்தால் ஸ்லாபை ஒன்று, ஒன்றரை அடி தாழ்த்தி வார்க்க வேண்டும், இல்லையேல் மேடை கட்டி ஏற வேண்டும். தாழ்த்திய குழியை ஜல்லியால் நிரப்பிவிட்டு, பின்னால் குழாய் இணைப்பு கசிந்தால் கீழ் வீட்டுக் கூரையில் வட்டம் வட்டமாக ஈரம் வரும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதனால் இந்தியன் கிளாசெட் தரைத்தளத்தில், மாடியில் சுவர் வழியாக வெளியேறும் பி-டிராப் யூரோப்பியன். முதியவர்கள் கீழேதான் படுப்பார்கள் என்பதால் அவர்களுடைய அட்டாச்டில் தரை வழியாக வெளியேறும் எஸ்-டிராப் யூரோப்பியன், பொதுக் கழிப்பறையில் இந்தியன்.

யூரோப்பியனில் உட்கார்ந்தாலும் குத்தவைத்த பலன் ஓரளவு வேண்டுமென்றால், பாதத்துக்குக் கீழே 18 முதல் 22 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகை போட்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தால் போதும். சீட்டின் மேலேறிக் குத்தவைப்பது கூடவே கூடாது. பீங்கான் உடைந்தால் கத்தியாக வெட்டும்.

பிளம்பர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் ஒன்று. எஸ்-டிராப் கிளாசெட்டுக்குச் சுவரிலிருந்து குழாயின் நடு வரை இத்தனை என்று கம்பெனி அளவு கொடுத்திருக்கும், 9 அங்குலம் அல்லது 12 அங்குலம். அந்த அளவு டைல் முகத்திலிருந்து. பிளம்பர் குழாய் பதிக்கும்போது சுவர் பூசியே இருக்காது. வெட்டுக்கல் சுவரிலிருந்து 12 அங்குலம் அளந்து பதித்துவிட்டுப் போவார். பிறகு பூச்சு, அதன்மேல் டைல், இரண்டும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். கிளாசெட்டை இறக்கினால் டேங்க் சுவரில் இடிக்கும். உடனே ஆஃப்செட் கனெக்டர் போட்டு வளைப்பார்கள், அந்த வளைவில்தான் பின்னால் அடைப்பு விழும். பதிக்கும்போதே 30 முதல் 35 மில்லிமீட்டர் கூட்டிவைத்தால் தீர்ந்தது.

முதியவர்கள் பிடித்து எழும் கைப்பிடிக் கம்பிக்கும் முன்யோசனை வேண்டும். வெட்டுக்கல்லிலும் ஹாலோ பிளாக்கிலும் ஸ்க்ரூ முடுக்கும் சாதாரண பிளக் பிடிக்காது. கம்பி வரும் இடத்தில் சுவர் கட்டும்போதே கான்கிரீட் கட்டை வைத்துவிடுங்கள்.

தண்ணீர்ச் செலவும் ஒன்றல்ல. இரண்டு பட்டன் உள்ள டூயல் ஃபிளஷ் டேங்குக்குச் சிறு பட்டனில் 3, பெரிய பட்டனில் 6 லிட்டர். கிராமப்புறத்துக்கென்று செங்குத்தான சரிவோடு செய்த பேனுக்கு 20 மில்லிமீட்டர் நீர்ப்பூட்டு (நாற்றத்தைத் தடுக்க டிராப்பில் நிற்கும் தண்ணீர்), ஒன்றரை இரண்டு லிட்டரில் போய்விடும். சரிவு குறைந்த இருபுறமும் கால் வைக்கும் இடத்தோடு வரும் சாதாரண ஒரிசா பேனுக்கு அரை வாளியாவது வேண்டும்.

கழுவுவது

தண்ணீரில் கழுவுவது நம்மோடு நிற்பதல்ல. இத்தாலியில் வீட்டுக் குளியலறையில் பிடே (உட்கார்ந்து கழுவும் தாழ்ந்த தொட்டி) இருக்க வேண்டும் என்று 1975இலேயே அரசாணை போட்டார்கள். பின்லாந்தில் கைப்பிடிக் குழாய் சர்வசாதாரணம். துருக்கியில் கிளாசெட்டுக்குள்ளேயே சிறு நீர்முனை பொருத்தியிருக்கும். ஜப்பானில் 1980இல் வந்த வாஷ்லெட் மின்சாரத்தில் இயங்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் சீட். இங்கே அதை வாங்குகிறவர்கள் தண்ணீர் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. சுமார் 0.5 பார் வேண்டும். மொட்டைமாடி டேங்கின் நீர்மட்டம் சீட்டுக்கு 5 மீட்டருக்கு மேலே இருந்தால்தான் கிடைக்கும். மாடி பாத்ரூமுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. எர்த் உள்ள பிளக்கும் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

நமக்குப் போதுமானது ஹெல்த் ஃபாசெட். உட்கார்ந்தவரின் வலக்கைப் பக்கம் வையுங்கள். இடக்கையால் கழுவுகிறவருக்கு வலக்கைதான் குழாயைப் பிடிக்கும். இந்தியன் கிளாசெட் அருகே கப்புக்கான குழாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், அதுவும் வலப்பக்கம் சற்று முன்னால்.

ஃபாசெட்டின் ஸ்டீல் பின்னலுக்குள் இருப்பது மெல்லிய ரப்பர் குழல். கைப்பிடியை விட்டவுடன் தண்ணீர் நின்றுவிடுவதால் சுவரிலிருக்கும் ‘ஆங்கிள் காக்’ வால்வை யாரும் மூடுவதில்லை. இரவும் பகலும் அழுத்தம் தாங்கித் தாங்கி, மேல்நட்டருகே ரப்பர் பிதுங்கி ஒருநாள் வெடிக்கும். ஆளில்லாத நேரமென்றால் டேங்க் முழுதும் காலியாகும். இன்னொன்று, கைப்பிடி கிளாசெட்டுக்குள் தொங்கிக் கிடக்கும்போது கீழ்த்தளக் குழாயைத் திறந்து டேங்கைக் காலி செய்தால், அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். பிரிட்டனின் குடிநீர் விதிகள் இதை ஆக மோசமான ஐந்தாம் வகை ஆபத்தில் சேர்த்திருக்கின்றன. கொக்கி கிளாசெட் விளிம்புக்கு மேலே இருக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஆங்கிள் காக் வால்வை மூடுங்கள்.

எந்தத் திசை

வாஸ்து பார்க்கிறவர்கள் வடக்கோ தெற்கோ பார்த்து உட்காரச் சொல்கிறார்கள், ஈசானிய மூலையைத் தவிர்க்கிறார்கள். திருவிதாங்கோடு, குளச்சல் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் கிப்லாவுக்கு (தொழும்போது நோக்கும் மக்காவின் திசை) முகமும் முதுகும் காட்டாமல் வைக்கிறார்கள். இங்கிருந்து கிப்லா சற்று வடக்கே சாய்ந்த மேற்கு. கிளாசெட்டை வடக்கு தெற்காக வைத்தால் இரு தரப்புக்கும் ஒத்துப்போகும். நாளைக்கு வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் சிக்கல் இல்லை.

மண்ணுக்கடியில்

எந்த ஊர் பாத்ரூமைக் கட்டினாலும் கழிவு இறங்குவது நம் மண்ணில்தான், பக்கத்தில் இருப்பது நம் கிணறுதான். அமெரிக்கத்துப் படமும் ஜப்பானியப் படமும் இதைக் காட்டாது. ‘பெரிசா ஒரு குழி, அடி போடாம விட்டா ஆயுசுக்கும் நெறயாது’ என்பது இங்கே ரொம்ப நாளாக ஓடும் பேச்சு. நிறையாததற்குக் காரணம் அது மண்ணுக்குள் கசிவது. வெட்டுக்கல் பூமி துளையும் வெடிப்பும் உள்ளது, மழைக்காலத்தில் ஊற்றுமட்டம் மேலே ஏறும்.

கேரளக் கட்டட விதி குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 7.5 மீட்டர் கேட்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் செப்டிக் டேங்க் தரம் உறிஞ்சு குழிக்கு 18 மீட்டர் சொல்கிறது. ஐந்து செண்டில் 18 கிடைப்பது கஷ்டம். கிடைக்கிற அதிகபட்சத்தை எடுங்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்து எடுங்கள். ஒன்று நிறைந்தபின் மற்றதுக்கு மாற்றிவிடும் இரட்டைக் குழி மலிவானது, நல்லது. ஆனால் மழைக்கால ஊற்றுமட்டத்துக்குக் குழியடி 2 மீட்டர் மேலே இருந்தால்தான். இல்லாத இடத்தில் அடியும் பக்கமும் பூசிய செப்டிக் டேங்க்: ஐந்து பேருக்கு நீளம் 1.5 மீட்டர், அகலம் 0.75, நீராழம் 1 மீட்டர், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். குளித்த தண்ணீரை அதற்குள் விடாதீர்கள். வேகமாகப் பாய்ந்து அடியில் படிந்ததைக் கலக்கி வெளியே தள்ளும். அது தென்னம்மூட்டுக்கும் வாழைக்கும் போகட்டும். பிரித்துக் கட்டிய வீட்டில் இரண்டு குழாயும் முதலிலிருந்தே தனித்தனியாக வருவதால் இது சுலபம்.

வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் கல்ஃப்காரர் வீடுகளுக்கு ஒன்று கூடுதல். டிராப்பில் நிற்கும் 50 மில்லிமீட்டர் தண்ணீர் காய்ந்தால் நாற்றமும் கரப்பானும் நேரே மேலே வரும். 20 மில்லிமீட்டர் நீர்ப்பூட்டுள்ள பேன் அதைவிடச் சீக்கிரம் காயும். பூட்டிப் போகுமுன் ஒவ்வொரு டிராப்பிலும் கிளாசெட்டிலும் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, ஃபாசெட்டுகளின் ஆங்கிள் காக் வால்வுகளை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.